வேடு கட்டிய பர்கண்டி

குஞ்சம்மாளுக்கு வெயிலின் மேல் அபார நம்பிக்கை. புளி, மிளகாய், கம்பு, கல்யாணப் பட்டு, எதுவானாலும் சித்திரை வெயிலில் நன்றாக ஒரு காய்ச்சல் காய்ந்துவிட்டால் வருஷம் முழுக்கக் கெடாது என்பது அவள் கட்சி. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் விளைகிற ஊரில் பிறந்து, மஞ்சள் வியாபாரியையே கட்டிக்கொண்டவள் வேறு எப்படி நினைப்பாள்? வேகவைத்த மஞ்சள் களத்தில் கிடந்து காய்ந்தால்தான் சரக்கு. இல்லையென்றால் எருக்குழிக்குத்தான் போகும். இந்த நம்பிக்கைதான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

அவள் புருஷன் அர்த்தநாரி, அந்த வட்டாரத்தில் பிரெஞ்சு தேசம் போய்வந்த ஒரே ஆள். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையாகப் போனவர், காலில் அடிபட்டு, பர்கண்டிச் சீமையில் ஒரு திராட்சைத் தோட்டக்காரன் வீட்டில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார். உடம்போடு நாக்கும் தேறிவிட்டது. ஊர் திரும்பி வியாபாரம் சூடு பிடித்ததும், அப்பா காலத்தில் சோளம் கொட்டிவைத்த நிலவறையைத் துப்புரவு செய்து ஒயின் சேர்க்க ஆரம்பித்தார். இங்கிருந்து மஞ்சள் மூட்டை புதுச்சேரிக்குப் போகும். அங்கிருந்து வைக்கோல் சுற்றிய பாட்டில்கள் வரும். அனுப்புகிறவர் புதுச்சேரி வியாபாரி சவரிமுத்து முசே; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. ஏற்றி வருகிறவர் லாரிக்கார அன்வர் பாட்சா. பாட்சா அதைக் கையால்கூடத் தொடமாட்டார். "உங்க மருந்து வந்திருச்சுங்க" என்று வாசலில் நின்று சொல்வதோடு சரி.

நிலவறையில் திராட்சை விளைகிற ஒவ்வொரு பிரெஞ்சுச் சீமைக்கும் ஒரு மாடம். பர்கண்டிக்கு ஒன்று, போர்தோவுக்கு ஒன்று, அல்சாஸ், லுவார், ரோன் என்று வரிசையாக. ஊரெல்லாம் மாடத்தில் விளக்கு வைக்கும். இந்த மனுஷன் பாட்டிலைப் படுக்க வைத்திருந்தார். சாயங்காலமானால் கீழே இறங்கி ஒரே ஒரு கிளாஸ். அதிலும் குடிப்பதைவிட மோந்து பார்ப்பதுதான் அதிகம். கள்ளுக் குடித்தவனாவது பாட்டுப் பாடுவான், சண்டை போடுவான். இவர் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் குஞ்சம்மாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். குழந்தை இல்லாத வீடு. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சென்றால் சாப்பாடு, மஞ்சள் விலை, மழை, அவ்வளவுதான். அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படியிருக்கும்போதுதான் அர்த்தநாரியை விஷக்காய்ச்சல் பிடித்தது. சேலம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிழைப்பாரா மாட்டாரா என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த குஞ்சம்மாள், நிலவறைக் கதவு திறந்து கிடக்கிறதே என்று பூட்டப் போனாள். எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. பாட்டிலெல்லாம் பூஞ்சை. தக்கை மேல் கருப்புப் பாசி. சுவர் ஈரம், காற்றில்லை, வெளிச்சமில்லை. அவர் உசிராகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது இப்படியா நாறிப்போக வேண்டும்? அவர் எழுந்து வரும்போது இது நல்லபடியாக இருக்க வேண்டும், இருந்தால் அவரும் நல்லபடியாக எழுந்து வருவார் என்று அவளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது.

வேலைக்காரி பெருமாயியைக் கூப்பிட்டாள். அவ்வளவு பாட்டிலையும் மேலே ஏற்றி, துடைத்து, தக்கையைப் பிடுங்கி, ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுவதுபோல ஒவ்வொன்றின் வாய்க்கும் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மஞ்சள் காயும் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஷாம்பேன் பாட்டில் ஒன்று மட்டும் தொட்டதும் படாரென்று தக்கையைக் கக்கியதில் மேய்ந்துகொண்டிருந்த கோழி செத்து விழுந்தது. "காத்துக் கருப்பு அடைச்சிருக்குது ஆத்தா" என்று பெருமாயி அலறினாள். "அடைச்சிருந்தா வெயிலுக்குப் போயிரும், நீ கட்டு" என்றாள் குஞ்சம்மாள். சித்திரை அக்கினியில் களம் முழுக்க மஞ்சளும் பாட்டிலுமாகக் கிடந்து காய்ந்தன. பிறகு தக்கையைத் திரும்ப அடைத்து, தேன்மெழுகு உருக்கி மேலே மூடி, பழையபடி மாடத்தில் படுக்க வைத்தாள். பாட்டில்கள் பளபளவென்று இருந்தன. வேலை முடித்த கையோடு அவர் கண் திறந்துவிட்டதாகச் சேலத்திலிருந்து ஆள் வந்தது. குஞ்சம்மாளுக்கு வெயிலின் மேல் இருந்த நம்பிக்கை இரண்டு மடங்காயிற்று.

அர்த்தநாரி எலும்பும் தோலுமாக வீடு வந்தார். வந்த அன்றே சாயங்காலம் கீழே போக வேண்டும் என்றார். தள்ளாடுகிறாரே என்று அவளும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். தன் கைவரிசையைச் சொல்லி அசத்தலாம் என்ற நினைப்பு வேறு.

படியில் இறங்கும்போதே அவர் சொன்னார்: "இங்க ஏன் ஒரு சன்னல்கூட வெக்கலன்னு தெரியுமா அம்மணி? இதுக்கு வெயில் பட்டாப் போதும், செத்துப் போயிரும். காத்தும் ஆகாது. பூஞ்சை பிடிச்சுக் கெடந்தா நல்லாருக்குதுன்னு அர்த்தம்."

குஞ்சம்மாள் சொல்ல வந்த கைவரிசையை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அவர் பர்கண்டி ஒன்றைத் திறந்து கிளாஸில் ஊற்றினார். மோந்து பார்த்தார். கிளாஸைச் சுழற்றி மறுபடி மோந்தார். தோளில் கிடந்த துண்டை மோந்தார், தன் கையை மோந்தார். "ஒண்ணுமே தெரியலயே" என்றார். காய்ச்சல் உசிரை விட்டுவிட்டு மூக்கைக் கொண்டுபோயிருந்தது. பட்டாளத்துக்குப் போய் வந்த மனுஷன் விளக்கடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

கொஞ்சம் கழித்துக் கிளாஸை அவளிடம் நீட்டினார். "நீ பாத்துச் சொல்லு. என்ன வாசம்?"

மோந்தாள். புளிப்பு நெற்றிக்கு ஏறியது. ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடி, சுத்தமான காடி. ஒயின் வாசம் இன்னதென்று அறியாதவளுக்குக்கூடத் தான் செய்த காரியம் விளங்கிவிட்டது. உயிரோடு திரும்பி வந்தவரிடம், உன் பொக்கிஷத்தை நான்தான் கொன்றேன் என்று அந்த நிமிஷம் எப்படிச் சொல்வது?

"நாவப்பழமுங்க" என்றாள். அது எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். முகம் லேசாகச் சுருங்கியது. காய்ச்சலில் கிடந்த வாய், கசக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் தக்கையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்புறம்?" என்றார்.

"நாவல் மரத்தடியில மழை பேஞ்ச மண்ணு. பழம் விழுந்து மிதிபட்டுக் கெடக்குமில்லீங்க, அது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று பிடித்து, சாயங்காலமானால் இருவரும் கீழே இறங்குவது வழக்கமாகிவிட்டது. கிளாஸை அவள் வாங்கி மோந்து சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். புதுப் பாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டார். இருப்பதைத் தீர்த்தால் போதும் என்றார். ஒவ்வொரு பாட்டில் திறக்கும்போதும் இது ஒன்றாவது தப்பியிருக்கக் கூடாதா என்று குஞ்சம்மாள் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொள்வாள். தாயார் ஒருநாளும் இரங்கவில்லை. அத்தனையும் காடி.

ஆனால் பொய் சொல்வதற்கும் சரக்கு வேண்டுமே. அதற்காகவே பகலெல்லாம் மூக்கைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். வாழப்பாடிச் சந்தைக்குப் போனால் வண்டிச் சக்கரம் செதுக்குகிற இடத்தில் ஒரு நாழி நிற்பாள். பச்சை மரச்சீவலும் பக்கத்துக் கடைப் புகையிலையும் கலந்து வருவதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் அதைப் போர்தோவில் ஊற்றிவிடுவாள். அல்சாஸுக்குக் கொல்லிமலைத் தேனும் பலாச்சுளையும். ரோனுக்கு, மிளகு காயும் பாயும் மத்தியான வெயிலில் ஆட்டுப்பட்டியும். பிறந்தது முதல் நடந்த மண்ணில் இத்தனை வாசம் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

லுவார் திறந்த அன்று குமாரபாளையத்துக் காவேரியைச் சொன்னாள். ஆடி வெள்ளம் வடிந்தபின் நெசவுக்காரர்கள் நூல் அலசுகிற படித்துறையில், நனைந்த கல் வெயில் ஏற ஏற விடுகிற மூச்சு.

"லுவாரும் ஆறுதான் அம்மணி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "கரையோரமா வெள்ளைக் கல்லுல அரமனை. அகலமான ஆறு, நடுவுல மணல் திட்டு. படகுக்காரன் பேசவே மாட்டான், பொகை புடிச்சுட்டே போவான்."

குஞ்சம்மாளுக்கு அந்தப் படகு தெரிந்தது. அதில் குமாரபாளையத்து நூல் மூட்டைகள் ஏறியிருந்தன. அரண்மனை வாசலில் பெருமாயி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பர்கண்டியின் சரிவில் திராட்சைக் கொடிக்கு நடுவே மஞ்சள் இலை தலையாட்டியது. அல்சாஸில் பனி விழுந்தது. பனியென்றால் என்ன என்று அவர் சொன்னதை வைத்து, இலவம்பஞ்சு வெடித்துக் களம் முழுக்கப் பறப்பதாக அவள் பார்த்தாள். விளக்குச் சுடர் ஆடும், சுவர் ஈரமாக மினுங்கும், அவர் குரல் எங்கேயோ இருந்து வரும். மேலே ஏறி வந்த பிறகும் தான் எந்த ஊரில் நடக்கிறோம் என்று அவளுக்குச் சற்று நேரம் பிடிபடாது. அவள் வாழ்க்கையில் அப்படி யாரோடும் பேசியதில்லை. அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு பயமாகவும் அவள் அதற்கு முன் இருந்ததில்லை.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. முப்பத்தேழாம் வருஷம் ஆவணியில் அன்வர் பாட்சா வந்து வாசலில் நின்றார்.

"கேட்டீங்களா? வர்ற அக்டோபர்ல இருந்து நம்ம சேலம் ஜில்லா பூராவும் மதுவிலக்காமுங்க. கள்ளு, சாராயம், சீமைச் சரக்கு, எதுவும் ஒரு சொட்டு இருக்கக் கூடாதாமா. சவரிமுத்து முசே நம்ம லாரியிலயே வாராருங்க. ருசி பாத்து, எல்லாத்தையும் புதுச்சேரிக்கே திருப்பி ஏத்திக்கறாராமா."

பாட்சாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தொடாமல் ஏற்றி இறக்கிய பாவத்துக்கு ஒரு முடிவு வந்ததே என்று இருந்திருக்கும். குஞ்சம்மாளுக்குத்தான் வேறு கவலை. புதுச்சேரிக்காரர் மூக்கில் பழுதில்லை. முதல் பாட்டில் திறந்ததுமே குட்டு உடைந்துவிடும். காடியாக்கினது ஒரு குற்றம். மூக்கில்லாத மனுஷனை இத்தனை காலம் பொய் சொல்லி ஏமாற்றினது அதைவிடப் பெரிய குற்றம். அதற்கப்புறம் அவர் தன் முகத்தில் விழிப்பாரா? அந்தச் சாயங்காலங்களை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வாய் கசக்காதா? சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தினமும் கீழே இறங்குவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்ததும் இன்னொரு வாசத்தைச் சொல்லிவிட்டு மேலே வருவாள். அழுகை வரும். அடுப்புப் புகையில் அழுவது அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

சவரிமுத்து முசே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக லாரியிலிருந்து இறங்கினார். மஞ்சள் தூசி படிந்து, தசராவுக்கு வேஷம் கட்டினவர் மாதிரி இருந்தார். "மதாம், எப்படி இருக்கறீங்க?" என்று கும்பிட்டார். மூவரும் கீழே போனார்கள். அர்த்தநாரி பர்கண்டி மாடத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். தக்கை மேலிருந்த தேன்மெழுகை முசே நகத்தால் சுரண்டிப் பார்த்தார். திறந்து ஊற்றி, மூக்கருகே கொண்டுபோனவர், பின்னுக்குச் சாய்ந்தார். வாயைத் திறந்தார்.

"முசே, கொஞ்சம் பொறுங்க" என்றார் அர்த்தநாரி. "எங்கூட்ல மொதல்ல அம்மணிதான் சொல்லோணும்."

கிளாஸ் குஞ்சம்மாள் கைக்கு வந்தது. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அத்திப்பழம் என்று சொல்ல அவள் தயாராக வைத்திருந்தாள். சொல்லலாம், அடுத்த நிமிஷம் முசே பொய்யென்பார். வேறொருவர் வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது.

"காடிங்க" என்றாள். "எல்லாமே காடிங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நாந்தான் தக்கையப் புடுங்கி, வேடு கட்டி, களத்துல காய வெச்சேன். கெட்டுப் போயிருமோன்னு பயந்து செஞ்சேன். நாவப்பழமுமில்ல, காவேரியுமில்ல. நான் சொன்னது அத்தனையும் பொய்யுங்க."

முசே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சாவு வீட்டில் நிற்பவரைப்போல நின்றார்.

அர்த்தநாரி அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். "காடின்னு மொத நாளே தெரியும் அம்மணி. மூக்குத்தான் போச்சு. புளிப்பு நாக்குலதான இருக்குது, நாக்கு நல்லாத்தான இருக்குது? அதுமில்லாம, தேன்மெழுகு நான் வெச்சனா?"

குஞ்சம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் வந்தது பாருங்கள் கோபம்!

"தெரிஞ்சேவா? தெரிஞ்சுட்டேவா குடிச்சீங்க? ரெண்டு வருசமா நான் கண்ணுல தண்ணி காயாம, தாயாரே தாயாரேன்னு கெடக்கறேன். நீங்க கண்ண மூடிட்டு வேடிக்க பாத்துட்டிருந்தீங்களா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? வயித்துல புண்ணு வந்திருந்தா யாரு பாக்கறது?" விருந்தாளி இருப்பதுகூட அவளுக்கு நினைவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

மேலே அடுப்படியில் அவள் பாத்திரங்களை வைத்த வேகத்தில் பெருமாயி கொல்லைக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே ஏறி வந்த அர்த்தநாரி நிலைப்படியில் நின்றார்.

"சொல்லியிருந்தா நீ கீழ வாரதை நிறுத்தியிருப்ப. பழையபடி மஞ்ச வெல, மழைன்னு ஆயிருக்கும். அதான் சொல்லல."

"அதுக்குக் காடியக் குடிக்கோணுமா?"

"குடிச்சாத்தான நீ பேசுவ."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாத்திரச் சத்தம் கொஞ்சம் தணிந்தது.

முசே ஒவ்வொரு மாடத்திலும் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். போர்தோ போயிற்று, ரோன் போயிற்று, அல்சாஸும் அப்படியே போயிற்று. நெற்றியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "இதெ நான் புதுச்சேரிக்கு ஏத்திக்கினு போயி இன்னா பண்றது? மதாம் இதெ நல்லாவே காய வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, என்ன நினைத்தாரோ, சிரிக்க ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு முசே அர்த்தநாரி. சட்டம் ஒயினுக்குத்தான். காடிக்கு எந்தச் சட்டமும் கெடையாது." லாரி வெறும் மஞ்சள் மூட்டையோடு திரும்பிப் போனது. அன்வர் பாட்சாவுக்கு அதில் பரம திருப்தி.

அக்டோபர் பிறந்தது. பனைமரத்துக் கலயங்கள் இறங்கின. சாராயக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. சீமைச் சரக்கு வைத்திருப்பதாகப் பேர்வாங்கிய வீடாயிற்றே, அர்த்தநாரி வீட்டுக்கும் சேவகர்களோடு ஒரு அதிகாரி வந்தார். கீழே இறங்கி மாடம் மாடமாகப் பார்த்தவருக்கு இவ்வளவு பெரிய வேட்டை கிடைத்ததில் வேர்த்துவிட்டது. ஒன்றைத் திறந்து வாயில் விட்டார். துப்பினார். இன்னொன்று. அதையும் துப்பினார். "என்னய்யா இது, ஊறுகாய்க்குத்தான் ஆகும்!" என்றார். "ஆமாங்க, ஊறுகாய்க்குத்தானுங்க" என்று குஞ்சம்மாள் படிமேல் நின்று பணிவாகச் சொன்னாள். ஜில்லா முழுக்க வறண்டுபோன அந்த நாளில், அவர்கள் வீட்டு நிலவறை மட்டும் பறிமுதல் ஆகாமல் தப்பித்தது. அதிகாரி ஒரு போர்தோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் சம்சாரம் மாங்காய் ஊறுகாய் போடுகிறவராம்.

அன்று சாயங்காலம் அர்த்தநாரி கீழே போனார். குஞ்சம்மாள் போகவில்லை. கோபம் தீரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் கூச்சமாக இருந்தது. பொய்யென்று தெரிந்துகொண்டே கேட்பவரிடம் போய் எந்த முகத்தோடு காவேரியைச் சொல்வது? விளக்கை ஏற்றினாள், பசுவைக் கட்டினாள், கட்டிய பசுவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கடைசியில் இறங்கிப் போனாள்.

அவர் முன்னால் கிளாஸ் இல்லை, பாட்டிலும் திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இனி எதுக்கு அம்மணி அந்தப் புளிச்ச தண்ணி?" என்றார். "பிரான்சு பூராச் சொல்லிட்ட. சேலம் ஜில்லாவும் பூராச் சொல்லிட்ட. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீ சொல்லவே இல்ல."

"என்னங்க?"

"உன்ற வாசம்."

குஞ்சம்மாள் திகைத்துப்போனாள். யோசித்துப் பார்த்தாள். ஊரில் உள்ள அத்தனையையும் மோந்து வைத்திருந்தவளுக்கு இது மட்டும் தெரியவில்லை. "என்ற வாசம் எனக்கெப்பிடீங்க தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "காய்ச்சலுக்கு முன்னால மோந்து வெச்சது. மொதல்ல அரப்பு. தலைக்கு ஊத்துன அன்னிக்கு மட்டுமில்ல, எப்பவுமே கொஞ்சம் இருக்கும். அப்பறம் அடுப்புச் சாம்பல், காஞ்ச சாம்பல். களத்துல இருந்து வந்தீன்னா வெயிலும் இருக்கும்."

"வெயிலுக்கு ஏதுங்க வாசம்?"

"இருக்குது. உன்ற மேல இருந்தா இருக்குது. அப்பறம் காதுக்குக் கீழ, கழுத்தோரமா ஒண்ணு."

"சும்மா இருங்க. மேல பெருமாயி இருக்கறா."

"அதுக்கு பிரெஞ்சுலயும் பேரில்ல, தமிழ்லயும் பேரில்ல. எனக்கு மூக்கு போனதுல ஒயினெல்லாம் ஒரு நஷ்டமே இல்ல அம்மணி. அது ஒண்ணு போனதுதான்."

குஞ்சம்மாள் முந்தானையைக் கழுத்தோரம் இழுத்துவிட்டுக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பக்கத்தில் படுத்திருந்த ஒரு மனுஷன் இதையெல்லாம் கவனித்து வைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொல்வது நெசமா, தன்னைப்போல அவரும் கட்டிவிடுகிறாரா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மறுபடி மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள். "மெதுவாச் சொல்லுங்க."